அடைக்கலம் கேட்டு வந்தவர்



பாரி மாண்டபின் அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு கபிலர் நாடு நாடாய் அலைந்த செய்தியை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். அம்மகளிரை ஏற்றுக்கொள்ளுமாறு விச்சிக்கோனை வேண்டினார், அவன் மறுத்தான். இருங்கோவேளை வேண்டினார்; அவனும் மறுத்தான். அவர்கள் துறந்து வந்த பறம்புமலையே இன்றைய பிரான்மலை என்பர். திண்டுக்கல் சமவெளிக்கு அது தொலைவான இடமன்று.

நம் காலத்திலும் அடைக்கலம் நாடி இச்சமவெளிக்கு மக்கள் வந்தனர். 1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்மீது கொடிய வன்முறை மூண்டது. அன்று தொடங்கிப் பல அலைகளாக ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் கடல் கடந்து தமிழகம் சேர்ந்தனர். தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி ஆகிய ஊர்களில் முகாம்கள் எழுந்தன.

இவர்களுக்குத் துணை நின்றோருள் கிறித்தவத் துறவியரும் இருந்தனர். இதற்கு ஒரு முன்வரலாறு உண்டு. வீரமாமுனிவர் இயற்றிய தேம்பாவணியின் தலைவர் வளன் என்னும் சூசையப்பர். ஏரோது மன்னனின் வாளுக்குத் தப்பக் குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்து நாட்டிற்கு ஓடியவர் அவர். திண்டுக்கல் பேராலயம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஓர் அகதியின் பெயரால் அமைந்த கோயில் அது என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

வீரமாமுனிவர் சார்ந்த இயேசு சபைக்கு இருபதாம் நூற்றாண்டில் தலைவராக இருந்தவர் பேத்ரோ அருப்பே. 1945-இல் இரோசிமாவில் அணுகுண்டு விழுந்தபோது, நகரின் ஓரத்திலிருந்த தம் துறவியர் பயிற்சி இல்லத்தையே மருத்துவமனையாக்கியவர் அவர். வியட்நாம் மக்கள் படகுகளில் ஏறிக் கடலில் தத்தளித்த துயரம் அவர் உள்ளத்தை உலுக்கியது. 1980 நவம்பர் 14-ஆம் நாள் இயேசு சபையின் அகதிகள் பணியைத் தொடங்கினார். உடன் இருத்தல், தொண்டு செய்தல், உரிமைக்காகப் பரிந்து பேசுதல் என்பன அதன் மூன்று நோக்கங்கள். தமிழக முகாம்களில் அப்பணி மாலை வகுப்புகளாக மலர்ந்தது. அகதிகளுள் படித்தவர்களே அங்கு ஆசிரியராயினர்.

இவ்விடத்தில் என் குறையையும் கூறவேண்டும். 1990-களின் தொடக்கத்தில் நான் இளம் ஆசிரியன். மாணவர் சேர்க்கை அலுவல் என்னிடம் இருந்தது. முகாமில் மாலை வகுப்பு நடத்திய பெண்ணொருவர் ஒரு சிறுவனை அழைத்து வந்தார். மாற்றுச் சான்றிதழ் எங்கே என்று கேட்டேன். "ஐயா, பள்ளிக்கூடமே எரிஞ்சு போச்சு, சான்றிதழ் ஆர் தருவினம்?" என்றார் அவர். விதியைக் காட்டித் திருப்பி அனுப்பினேன். அன்று பிற்பகல் வகுப்பில் நான் நடத்திய பாடம் பாரி மகளிர் பற்றியது! விச்சிக்கோனைக் குறைகூற வாய் எழவில்லை. மறுநாள் முகாமிற்குச் சென்று, வயதை மட்டும் எழுதி வாங்கிச் சிறுவனை அழைத்து வந்தேன். தலைமையாசிரியர் மறுப்பின்றிக் கையொப்பமிட்டார். விதியில் இடம் இருந்தது. என் நெஞ்சில்தான் இல்லை.

2021-இல் தமிழக அரசு, அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என மாற்றியது. 2022 செப்டம்பரில் தோட்டனூத்தில் 321 புதிய வீடுகள் திறக்கப்பட்டன. இவை மகிழத்தக்கன. எனினும் இம்மண்ணிலேயே பிறந்து வளர்ந்த பலருக்கும் குடியுரிமை இன்னும் கிட்டவில்லை. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையர் இடம்பெறவில்லை. வீடு தந்தோம், நாடு தரவில்லை. பரிந்து பேசும் பணி முடியவில்லை என்பதே இதன் பொருள்.

மாணவர்களே, நாளை உங்களுள் சிலர் அலுவலக மேசையின் பின்னே அமர்வீர்கள். சான்றிதழ் இல்லாத ஒருவர் உங்கள்முன் வந்து நிற்பார். அப்போது கபிலரை நினைத்துக்கொள்ளுங்கள்.