ஓசையும் அயலும் - இலங்கை நீதிமன்றங்கள் கண்ட சில வழக்குகள்

நிலத்துக்கு எல்லை வகுத்தல் எளிது. மதிலும் வேலியும் அதற்குப் போதும். காற்றில் பரவும் ஓசைக்கோ வேலியில்லை. ஆகவே, அயலார் எழுப்பும் ஓசையால் துன்புற்றோர் நீதிமன்றை நாடும் வழக்கம் நெடுநாளாக இருந்து வருகின்றது. இலங்கையில் அதன் வரலாறு ஒரு நூற்றாண்டைக் கடந்ததாகும்.

பிறர் தம் நிலத்தை அமைதியாக அனுபவிப்பதைத் தடுக்கும் ஓசை, உரோமன்-டச்சுச் சட்டத்தின்படி வழக்குக்குரியது. 1865ஆம் ஆண்டுப் பொலிஸ் கட்டளைச் சட்டம் இசைக்கருவிகளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டியது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை பொதுத் தொல்லையைக் குற்றமாக்கியது. 1896இல் பௌத்த பிக்கு ஒருவர் சம்பந்தப்பட்ட வழக்கில், எச்சமயத்தாருக்கும் பொதுத் தொல்லை விளைவிக்கும் உரிமையில்லை என்றும், அனுமதிப்பத்திரம் அதற்குக் காப்பாகாது என்றும் உயர் நீதிமன்று கூறியது.

இத்தகைய வழக்குகளுள் பெரும் விளைவோடு தொடர்புற்றது கம்பளைப் பெரஹெரா வழக்கேயாம். கம்பளை அம்பகமுவ வீதியில் கரையோர முஸ்லிம்களின் பள்ளிவாசல் இருந்தது. வல்லஹகொட தேவாலயத்தின் பெரஹெரா அவ்வழியே மேளவாத்தியங்களுடன் செல்வது வழக்கம். 1912இல், பள்ளிவாசலை அண்மியதும் வாத்தியத்தை நிறுத்தவேண்டும் என அரசாங்க அதிபர் நிபந்தனை விதித்தார். தேவாலயத்தின் பஸ்நாயக்க நிலமே, சட்டமா அதிபருக்கெதிராகக் கண்டி மாவட்ட நீதிமன்றில் வழக்குத் தொடுத்தார். 1815ஆம் ஆண்டுக் கண்டி ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு பௌத்த சமயத்துக்கு அளித்த உறுதிமொழியே அவர்தம் ஆதாரம். 1914இல் நீதிபதி போல் ஈ. பீரிஸ் அவர் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 தொடக்கத்தில் உயர் நீதிமன்று அத்தீர்ப்பை மாற்றியது. பின்வந்த கட்டளைச் சட்டங்களே மேலோங்கும் என்பது அதன் முடிபு.

ஆயின், வழக்கு முடிந்தும் பகை முடிந்திலது. ஒப்பந்தமா, கட்டளைச் சட்டமா என்பதே மன்றில் ஆராயப்பட்டது. ஒரே வீதியில் வாழும் இருசாராரும் இனி எவ்வாறு இணங்கி வாழ்வர் என்பது ஆராயப்படவில்லை. அவ்வாண்டு மே 28ஆம் நாள், வெசாக் இரவில், கண்டி காசில்ஹில் வீதிப் பள்ளிவாசலருகே இசையுடன் வந்த ஊர்வலத்தைப் பற்றி மூண்ட பூசல் பெருங் கலவரமாகி ஐந்து மாகாணங்களிற் பரவியது. ஜூன் 2ஆம் நாள் இராணுவச் சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டது.

கிழக்கு மாகாணம் அவ்வைந்தனுள் ஒன்றன்று. ஒலுவில் துறைமுகம் தொட்டுக் கல்முனை வரையுள்ள கரையிலே முஸ்லிம் ஊர்களும் தமிழூர்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. கல்முனைக்குடிக் கடற்கரைப்பள்ளிக் கொடியேற்றமும் காரைதீவுக் கண்ணகை அம்மன் சடங்கும் ஓசையின்றி நிகழ்வன அல்ல. வீடும் வளவும் பெண்மக்களுக்குச் சீதனமாகச் செல்லும் மரபினால், இவ்வூர்களில் அயலார் பலர் உறவினருமாவர். குடிகளின் சார்பில் பள்ளிவாசலில் மரைக்காயரும் கோயிலில் வண்ணக்கரும் அமர்ந்து பிணக்குகளைத் தீர்ப்பதும் மரபு. அரசும் பின்னர் இவ்வழியைக் கைக்கொண்டது. 1958ஆம் ஆண்டுச் சட்டம் இணக்கசபைகளையும், 1988ஆம் ஆண்டுச் சட்டம் மத்தியஸ்த சபைகளையும் தோற்றுவித்தன.

ஒலிபெருக்கியின் வருகை பிணக்கைப் பெருக்கியது. 1996ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் ஓசைக்கு அளவு வகுத்தன. பிரதேச சபை எல்லைக்குள் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் உச்சமாயின. 2000இல், சென்னையில் ஒரு குடியிருப்போர் சங்கம் அயலிலிருந்த கிறித்தவ சபைமீது தொடுத்த வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து வழிபடுமாறு எச்சமயமும் விதிக்கவில்லை என இந்திய உச்ச நீதிமன்றம் கூறியது. வெலிகமைப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி அனுமதி பற்றிய வழக்கில், 2007 நவம்பரில், பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான உயர் நீதிமன்று, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அனுமதி வழங்கலாகாது எனப் பணித்தது. சிறப்பு வைபவங்களுக்கு விலக்களிப்பதாயின், அயலில் வாழ்வோரின் கருத்தை முன்னரே அறிதல் வேண்டும் எனவும் விதித்தது.

இவ்விதியே இவ்வரலாற்றின் திருப்பமாகும். 1915இல் மன்று ஓசை எழுப்புவோனின் உரிமையையும் ஆள்வோனின் அதிகாரத்தையும் எடைபோட்டது; 2007இல் கேட்போனின் செவியையும் கருத்திற் கொண்டது. மரைக்காயரும் வண்ணக்கரும் பிணக்குற்ற இருவரையும் அழைத்து விசாரித்தபோது செய்ததும் இதுவே. டெசிபலை அளக்கக் கருவி உண்டு. அயலாரின் பொறுமையை அளக்க, அவரை வினாவுதலன்றி வேறு வழியில்லை.