கைத்தொலைபேசியும் பேசும் உரிமையும்

விஞ்ஞானம் அளிக்கும் எந்தச் சாதனமும் முதலில் செல்வர் மாளிகையில் தங்கி இளைப்பாறிய பின்னரே ஏழையின் குடிசைக்கு வந்து சேருகின்றது. நம் தோட்டங்களில் ஒரு காலத்தில் டெலிபோன் என்பது ஆபீசில் மட்டுமே மணியடித்தது. லயத்தில் வாழ்ந்தோருக்கு அதன் வழியே உத்தரவு வந்ததேயன்றி, அவர்களுடைய சொல் அதன் வழியே வெளியே சென்றதில்லை. இன்றோ அந்த லயத்துப் பிள்ளைகளின் கைகளிலும் கைத்தொலைபேசி இருக்கின்றது. இத்தகைய மாறுதல் ஏழை நாடுகள் பலவற்றிலும் நிகழ்ந்ததே. இந்தியாவில் அஃது எவ்வாறு நிகழ்ந்தது, அதனால் எளியோர் பெற்றது யாது, பெறாதது யாது என்பதை இங்கு ஆராய விரும்புகின்றோம்.

அந்நாட்டின் பழைய நிலைமையை 1994-ம் ஆண்டுச் சர்க்கார் தொலைத்தொடர்புக் கொள்கையே ஒப்புக்கொள்கின்றது. நூறு பேருக்கு ஒரு டெலிபோன்கூட இல்லை, 0.8 தான். நாடு முழுதும் சுமார் 80 லட்சம் இணைப்புகள். விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தோர் சுமார் 25 லட்சம் பேர். பணமிருந்தும் சிபாரிசு இல்லாதவன் வருடக்கணக்கில் காத்திருந்தான். பணமே இல்லாதவன் காத்திருக்கவும் இல்லை. 1984-ல் சர்க்கார் நிறுவிய சி-டாட் என்னும் ஆராய்ச்சி நிலையம், குளிர்சாதனமின்றிக் கிராமத்து வெயிலிலும் புழுதியிலும் வேலை செய்யவல்ல சிறு எக்ஸ்சேஞ்சுகளை அமைத்துக் கொடுத்தது. அதன் பின்னரே மஞ்சள் பலகை மாட்டிய டெலிபோன் கடைகள் ஊர்தோறும் தோன்றின. ஏழை மக்களில் பலர் தூரத்துச் சொந்தங்களின் குரலை முதன்முதல் கேட்டது அக்கடைகளிலேதான்.

1995-ம் ஆண்டு ஜூலை மாதம் 31-ந் தேதி, மேற்கு வங்க முதன்மந்திரி ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டில்லியிலிருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் கைத்தொலைபேசியில் பேசினார். இந்தியாவில் அவ்வகைப் பேச்சு அதுவே முதலாவது. அப்பொழுது ஒரு நிமிடப் பேச்சுக்குச் சுமார் 16 ரூபாய் செலவாகும். பேசியவன் மட்டுமன்றிக் கேட்டவனும் பணம் கட்டவேண்டும்! கம்பெனிகள் சர்க்காருக்குப் பெருந்தொகையை லைசென்ஸ் கட்டணமாகக் கட்ட ஒப்புக்கொண்டிருந்தமையால் விலையைக் குறைக்க வழியில்லை. 1999-ம் ஆண்டுக் கொள்கை அம்முறையை மாற்றி, வருமானத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதுமென்றது. 2003-ல் கேட்பவனுக்குக் கட்டணம் நீங்கிற்று. அவ்வாண்டிலேயே நோக்கியா கம்பெனி 1100 என்னும் கருவியை வெளியிட்டது. தூசி புகாத விசைகளும், இருட்டில் வழிகாட்டும் டார்ச்சு விளக்கும் கொண்ட அக்கருவி, ஏழை நாட்டாரை எண்ணியே செய்யப்பட்டது. உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. 2015-ல் இந்தியாவின் தொலைபேசி இணைப்புகள் 100 கோடியைக் கடந்தன.

இதனால் விளைந்த நன்மை கற்பனையன்று. வடகேரளக் கடற்கரையில் மீனவர் தத்தம் ஊர்க் கரையிலேயே மீனை விற்றுவந்தனர். அங்கு மீன் மலிந்துவிட்டால் கடலிலேயே கொட்டுவர். சில மைல் தூரத்திலோ மீனின்றி மக்கள் வெறுங்கையுடன் திரும்புவர். 1997-க்குப் பிறகு கைத்தொலைபேசிக் கோபுரங்கள் எழுந்ததும், நடுக்கடலிலிருந்தே விலையை விசாரித்துக் கரை தேர்ந்தனர். மீனவர் இலாபம் 8 சதவீதம் கூடியதையும், வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் குறைந்ததையும் ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளாதார அறிஞர் 2007-ல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டுகின்றது.

நிற்க. பேசியவர் கதை இது. கருவியைச் செய்தவர் கதை வேறு. 2006-ல் நோக்கியா, தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை தொடங்கிற்று. உச்சநிலையில் சுமார் 8,000 பேர் அங்கே நேரடியாக வேலை பார்த்தனர். அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து இளம் பெண்கள். 50 கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் அவர்கள் கைவழியே சென்றன. பின்னர், தாய்க் கம்பெனிக்கு மென்பொருளுக்காக அனுப்பிய பணத்திற்கு வரி பிடிக்கவில்லையென்று, 2013-ல் வருமான வரி இலாகா சுமார் 2,000 கோடி ரூபாய் கேட்டது. கம்பெனி மறுத்து வழக்காடியது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைத்தொலைபேசித் தொழில் மைக்ரோசாப்டுக்குக் கைமாறியபோது, வழக்கில் முடங்கிய இவ்வாலை அதில் சேரவில்லை. நவம்பர் 1-ந் தேதி இயந்திரங்கள் நின்றன. வரி கேட்பது சர்க்காரின் கடமை என்பர். வழக்காடுவது கம்பெனியின் உரிமை என்பர். இவ்விரண்டுக்கும் நடுவில் வேலை இழந்த பெண்ணின் உரிமை யாது என்று கேட்டவர் எத்தனை பேர்?

இன்னொன்றும் கேளுங்கள். 2016 பிப்ரவரியில், குஜராத்தில் மெஹ்சானா ஜில்லாவைச் சேர்ந்த சூரஜ் என்னும் கிராமத்துப் பெரியவர்கள், மணமாகாத பெண்கள் கைத்தொலைபேசி வைத்திருத்தல் கூடாதென்றும், மீறினால் 2,100 ரூபாய் அபராதம் என்றும் கட்டளையிட்டனர். ஒரு மூலையில் பெண்ணின் கை அக்கருவியைச் செய்கின்றது. மற்றொரு மூலையில் பெண்ணின் கை அதைத் தொடுவதே குற்றமாகின்றது. விலை குறைந்தது, வழக்கத்தின் விலங்கு குறையவில்லை.

ஆயினும் விலங்கு என்றும் விலங்காகவே இருந்துவிடுவதில்லை. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துப் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள், விடுதி உணவால் தோழியர் பலர் நோயுற்றதைக் கண்டு, சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் திரண்டு அமர்ந்தனர். ஆலை மூடப்பட்டது. அங்கே செய்யப்பட்ட கருவிகளுக்கு உரிய ஆப்பிள் கம்பெனி, விடுதிகளும் உணவுக்கூடங்களும் சில தன் விதிகளுக்கு ஒத்தவையல்லவென்று ஒப்புக்கொண்டது. கருவி பேசியதனாலன்று, மனிதர் கூடிப் பேசியதனாலேயே அவ்வொப்புதல் கிடைத்தது.

தோழர்களே! நம் கையிலும் அக்கருவி உண்டு. அதில் நாள்தோறும் வந்து குவிவது பெரும்பாலும் ராசிபலனும் சினிமாச் செய்தியுமே. மகனுக்கு வாங்கித் தந்து மகளுக்கு மறுக்கும் வீடுகள் நம்மிடையேயும் இல்லாமலில்லை. சம்பளக் கணக்கில் ஐயமிருந்தும் வாய் திறவாத தொழிலாளியின் சட்டைப்பையிலும் கைத்தொலைபேசி கிடக்கின்றது. கருவியைக் கடையில் வாங்கலாம். பேசும் துணிவை அங்கே விற்பதில்லை. அதைச் சங்கத்திலும், பள்ளியிலும், பெண்மக்களுக்குச் சமஉரிமை தரும் இல்லத்திலுமே தேடிப் பெறவேண்டும்.