எக்ஸ்காலிபர்: ஆர்தர் மன்னன் வாளின் தோற்றம்

பிரித்தானியத் தொன்மங்களுள் தலைமை வாய்ந்தது ஆர்தர் மன்னன் கதை. அம்மன்னன் ஏந்திய எக்ஸ்காலிபர் என்னும் வாள் கல்லினின்றும் உருவப்பட்டது என்பர் ஒருசாரார். ஏரியினின்றும் எழுந்த கை அதனை அளித்தது என்பர் மற்றொருசாரார். அவன் இறுதி நாளில் அது நீருள் மறைந்தது என்றும் கூறுவர். இச்செய்திகள் ஒரு காலத்தில் ஒரு மக்களிடையே தோன்றியனவா, அன்றிப் பல காலத்துப் பல நாட்டார் படிப்படியாகச் சேர்த்தனவா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள். தொன்மங்களை ஆராய்வோர் சிலர், பிற்கால நூல் கூறுவதனை முற்காலத்துக்கு ஏற்றி உரைக்கின்றனர். அவ்வாறின்றி, நூல்களைக் கால முறைப்படி நிறுத்தி, ஒவ்வொன்றும் கூறுவது யாது, கூறாதது யாது என நோக்குவதே தக்கது.

1. பெயர் வரலாறு

ஆர்தரைப் போர்த்தலைவனாகக் காட்டும் 'பிரித்தானியர் வரலாறு' என்னும் இலத்தீன் நூல் கி.பி. 829–30இல் வேல்சில் எழுந்தது. அஃது ஆர்தர் ஆற்றிய 12 போர்களை எண்ணுகின்றது. பேடன் குன்றப் போரில் 960 பேரை அவன் ஒருவனே வீழ்த்தினான் என்கின்றது. ஒரு போரில் அவன் கன்னி மரியாளின் உருவத்தைத் தோளில் தாங்கினான் என்று கூறும் அந்நூல், வாளைப்பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை.

வாளின் பெயரைத் தரும் பழைய உரைநடைக் கதை 'கில்ஹூக்–ஓல்வென்' என்பது. இஃது 11ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயன்றது என்பர். இன்று கிடைக்கும் ஏடுகளோ 14ஆம் நூற்றாண்டிற்கு முற்பட்டன அல்ல. தன்னை நாடி வந்த உறவினனுக்கு எதனையும் தருவதாக உரைக்கும் ஆர்தர், தரலாகாதன எனச் சிலவற்றை விலக்குகின்றான். கப்பல், மேலாடை, வேல், கேடயம், குறுவாள், மனைவி என்பவற்றோடு 'கலெட்வுல்க்' என்னும் வாளும் அவ்வரிசையில் நிற்கின்றது. 'கலெட்' என்பது வன்மை. 'புல்க்' என்பது பிளவு. வன்மையாகப் பிளப்பது என்பது பெயரின் கருத்தாகலாம். இக்கதையில் அவ்வாளுக்குக் கல்லும் இல்லை, ஏரியும் இல்லை. அதனைப் பற்றிச் சுழற்றி அயர்லாந்துத் தலைவன் ஒருவனையும் அவன் படையையும் வீழ்த்துபவன்கூட ஆர்தர் அல்லன். லென்லெயாக் என்னும் வீரனே.

ஐரியக் காப்பியத் தலைவனாகிய பெர்கஸ் என்பானது வாள் 'கலட்போல்க்' எனப்படும். அவன் தன் சினம் தணியும் பொருட்டு மூன்று குன்றுகளின் முடிகளை அதனால் அரிந்தான் என்பது கதை. இரு பெயர்களின் ஒப்புமை கண்டு, வேல்சுப் பெயர் ஐரியத்தினின்றும் கடன்பெற்றது என்று சிலர் துணிந்தனர். ஆயின், 1992இல் வேல்சுக் கதையைப் பதிப்பித்த ரேச்சல் புரோம்விச், சைமன் இவான்ஸ் ஆகியோர், இரு சொற்களும் மிகப் பழங்காலத்தே வாளுக்குரிய பொதுப்பெயர்களாகத் தனித்தனியே எழுந்திருக்கலாம் என்பர். இதுவே பொருத்தமுடையதாகத் தோன்றுகின்றது. பெயர் ஒத்தலால் மட்டும் கதையும் ஒன்றே என்று கொள்ளுதற்கு இல்லை.

இப்பெயரை ஐரோப்பா முழுதும் பரப்பியவர் மான்மத் ஊரினராகிய ஜெப்ரி. ஏறத்தாழ 1136–38இல் முடிந்த அவருடைய இலத்தீன் வரலாற்றில் வாள் 'காலிபர்னஸ்' எனப்படுகின்றது. அவலோன் தீவில் வடிக்கப்பட்டதென்றும், பாத் நகர்ப் போரில் ஆர்தர் அதனால் 470 பேரைக் கொன்றான் என்றும் காண்கின்றோம். எஃகினைக் குறிக்கும் 'கலிப்ஸ்' என்னும் இலத்தீன் சொல் இத்திரிபுக்குத் துணை செய்திருக்கலாம். ஜெப்ரியின் நூலைத் தம் மொழியில் பெயர்த்த வேல்சினர் காலிபர்னஸ் என்பதனை விடுத்து, மீண்டும் கலெட்வுல்க் என்றே எழுதினர். இரண்டும் ஒன்றென அவர்கள் அறிந்திருந்தமைக்கு இது சான்று. பின்னர்ப் பிரெஞ்சுக் கவிஞர் வாயிலாக அப்பெயர் 'எஸ்கலிபோர்' எனத் திரிந்தது. 12ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பாடிய கிரெத்தியன் என்பார் அதனை ஆர்தர் கையிலன்றி அவன் மருகன் கவேன் கையில் வைத்தமை நோக்கத்தக்கது.

2. கல்

கல்லில் செருகிய வாள் 1200ஐ ஒட்டி, ராபர்ட் த போரோன் என்னும் பிரெஞ்சுக் கவிஞரின் 'மெர்லின்' என்னும் நூலில் முதன்முதலாகத் தோன்றுகின்றது. கிறித்து பிறந்த நாளில், கோயிலின் முன், கல்லின்மேல் இருந்த பட்டடையில் வாள் காணப்படுகின்றது. அதனை உருவ வல்லவனே இறைவன் தெரிந்தெடுத்த அரசன் என்பது கருத்து. வெண்கலக் காலத்தில் கல் அச்சில் வாள் வார்த்து எடுத்த நினைவே இது என்பார் கூற்று நமக்கு உடன்பாடன்று. அக்காலத்துக்கும் போரோனுக்கும் இடையே ஈராயிரம் ஆண்டளவு உள்ளது. இடையே இச்செய்தியை உரைக்கும் நூல் ஒன்றும் இல்லை. இதற்கு அண்மையான ஒப்புமை வேறு உண்டு. வூஸ்டர் நகர் ஆயர் வுல்ப்ஸ்டன் தம் கோலை எட்வர்டு மன்னன் கல்லறையில் ஊன்றினார் என்றும், வேறு எவராலும் அதனைப் பிடுங்க இயலவில்லை என்றும் ஏல்ரெட் என்னும் துறவி 1163இல் எழுதினார். ஆட்சியுரிமை இறைவனால் வருவது என்னும் 12ஆம் நூற்றாண்டுக் கிறித்தவக் கொள்கையே கல்லில் நின்ற வாளாயிற்று எனல் தகும்.

3. ஏரி

வாள் ஏரியில் எறியப்படுவது ஏறத்தாழ 1230இல் எழுந்த 'ஆர்தரின் இறப்பு' என்னும் பிரெஞ்சு உரைநடையில் காணப்படுகின்றது. கிர்பிளே என்பான் இருமுறை மன்னனை ஏமாற்றி, மூன்றாம் முறை எறிகின்றான். நீரினின்றும் ஒரு கை எழுந்து அதனைப் பற்றுகின்றது. ஏரி மங்கை வாளை அளித்தமை அதன் பின்னெழுந்த நூல்களில் விரிந்தது. 1469–70இல் தம் நூலை முடித்த தாமஸ் மாலரி இவ்விரு மரபுகளையும் ஒருங்கே தழுவினார். அதனால் அவர் நூலின் ஓரிடத்தில் கல்லினின்றும் எடுத்த வாளே எக்ஸ்காலிபர். பிறிதோரிடத்தில், முதல் வாள் முறிந்தபின் ஏரி தந்ததே எக்ஸ்காலிபர். இம்முரண், இரு வேறு ஊற்றுகள் பிற்காலத்தே கலந்தமையைக் காட்டுகின்றது.

ஏரிச் செய்தியின் மூலம் யாது? காக்கேசிய மலையில் வாழும் ஒசெத்தியரின் நார்த் கதைகளில், பத்ராஸ் என்னும் வீரன் இறக்குமுன் அவன் வாள் கடலில் எறியப்படுகின்றது. இவ்வொப்புமையை 1969இல் கிரிசுவார் என்பார் விளக்கினார். கி.பி. 175இல் உரோமர் 5,500 சர்மாத்தியக் குதிரை வீரரைப் பிரித்தானியாவுக்கு அனுப்பியமையால், கதை அவர்வழி வந்தது எனப் பின்வந்தோர் சிலர் வாதிட்டனர். ஆயின், 175க்கும் 1230க்கும் இடையே இக்கதை நிலவியதற்குச் சான்று இல்லை. மேலும், வியாச பாரதத்தின் மகாபிரஸ்தானிக பருவத்தில், அக்கினியின் வேண்டுகோளால் அருச்சுனன் காண்டீவத்தை நீரில் இடுகின்றான். வருணனிடமிருந்து வந்தது வருணனுக்கே மீள்கின்றது. தெய்வம் தந்த படைக்கலம் தெய்வத்திடமே திரும்புதல் பல நாட்டார்க்கும் பொதுவான எண்ணம் என்பது இதனால் விளங்கும்.

பிரித்தானிய மண்ணிலேயே இதற்கு அடிப்படை உண்டு. 1942–43இல் ஆங்கில்சித் தீவில் விமான தளம் அமைக்கும்போது, லின் கெரிக் பாக் என்னும் சிற்றேரியின் சேற்றினின்றும் 150க்கு மேற்பட்ட இரும்பு, வெண்கலப் பொருள்கள் வெளிப்பட்டன. வாள்களும் வேல்களும் தேர் உறுப்புகளும் அவற்றுள் அடங்கும். அவை இரும்புக் காலத்தார் நீருக்குப் படைத்த காணிக்கை என்பது அறிஞர் துணிபு. அவ்வழக்கம் நேரே கதையாயிற்று என நாம் கூறத் துணியோம். அதன் நினைவு மக்களிடையே எஞ்சியிருத்தல் இயலும் என்ற அளவே கூறலாம்.

4. வாளும் அரசும்

இவ்வாராய்ச்சி வெறும் பெயராராய்ச்சியன்று. தம் நிலத்தைச் சாக்சானியர்க்கு இழந்த பிரித்தானியரின் வீரன் ஆர்தர். அவனது வாளையோ, 1191இல் இங்கிலாந்து மன்னன் முதலாம் ரிச்சர்டு, காலிபர்ன் இதுவே எனக் கூறிச் சிசிலி மன்னன் தாங்கிரெடுக்குப் பரிசளித்தான். 1283இல் வேல்சை முற்றும் அடக்கிய முதலாம் எட்வர்டு, ஆர்தரின் முடி எனப்பட்டதொன்றையும் கைக்கொண்டான். நாட்டைக் கொண்டோர் தோற்றோரின் தலைவனையும் தமக்கு முன்னோனாக்கிக் கொண்டனர்.

முடிவாக, வாளின் பெயர் வேல்சினர் தந்தது. புகழ் ஜெப்ரியால் விளைந்தது. கல் 12ஆம் நூற்றாண்டுச் சமயக் கொள்கையின் பயன். ஏரி, பிரெஞ்சு நூலில் வடிவுற்றதாயினும், பழைய நீர்க்காணிக்கை வழக்கத்தோடு இயைபுடையது. இவற்றுள் பழமை மிக்கது பெயர் ஒன்றே. நிலமும் ஆட்சியும் கைமாறிய பின்னரும், கலெட்வுல்க் என்னும் அப்பெயரை வேல்சினர் தம் மொழியில் கைவிடாது காத்தனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.