தஞ்சைச் சபையில் மூண்ட வழக்கு

சோழநாட்டுக் கடற்கரை கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகின்றது. அம்முனையிலிருந்து கடலோரமாக வடக்கே சென்றால் வேதாரணியம், வேளாங்கண்ணி, நாகப்பட்டினம், காரைக்கால் ஆகிய ஊர்களைக் கடந்து தரங்கம்பாடியை அடைவோம். 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சீகன்பால்கு, புளூச்சோ என்ற இரு ஜெர்மானியர் அங்கே வந்திறங்கி, இந்திய மண்ணில் முதல் புராட்டஸ்டண்டு மிஷனை நிறுவினர். அங்கு முளைத்த சபை, நாளடைவில் காவிரி நாட்டின் உள்ளே பரவித் தஞ்சை நகரை அடைந்தது. அந்தத் தஞ்சைச் சபையில் 1820களில் ஒரு வழக்கு மூண்டது. மக்கள் மனப்பாடமாகச் சொல்லும் ஜெபத்தின் சொற்களை மாற்ற யாருக்கு உரிமை உண்டு? சபையின் பழக்கங்களைத் திருத்த யாருக்கு அதிகாரம் உண்டு? இவ்வழக்கைத்தான் நான் இன்று சொல்ல எடுத்துக்கொண்டேன்.

வழக்கின் நடுவே நின்றவர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு, இவர் வேறு. மாணவர்கள் இருவரையும் ஒருவராக எண்ணிவிடுதல் உண்டு. நெல்லைச் சீமையிற் பிறந்த இச்சிறுவரைத் தஞ்சைக்கு அழைத்து வந்து வளர்த்தவர் சுவார்ட்ஸ் ஐயர். பின்னர் அரியணை ஏறிய சரபோஜி மன்னரும் சுவார்ட்ஸின் பராமரிப்பில் இருந்தவரே. சாஸ்திரியார் வளர்ந்து பள்ளியாசிரியரானார். ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார்.

சுவார்ட்ஸ் 1798இல் மறைந்தார். அவர் காலத்துச் சபை பபிரிசியுஸ் மொழிபெயர்த்த வேதாகமத்தையே ஓதி வந்தது. ஜெபங்களும் ஞானப்பாட்டுகளும் அம்மொழிநடையையே தழுவியிருந்தன. எழுத்தறியாத பாட்டியும் அவற்றை நெஞ்சில் வைத்திருந்தாள். பின்பு மிஷனின் பொறுப்பு ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த சங்கத்தின் கைக்கு மாறியது. ஹாப்ரோ முதலிய இளம் போதகர்கள் வந்தனர். அக்காலத்தில் இரேனியுஸ் ஐயர், தடையின்றி ஓடும் எளிய தமிழில் வேதத்தைப் புதிதாகப் பெயர்த்துக்கொண்டிருந்தார். அப்புதிய பெயர்ப்பைத் தஞ்சைச் சபையிலும் வழங்க அவர்கள் முற்பட்டனர்.

கர்த்தர் கற்பித்த ஜெபம் மத்தேயு சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தில் இருக்கின்றது. ஆகவே மத்தேயுவைத் திருத்துவோர் கை, ஒவ்வொரு வீட்டின் அந்தி ஜெபத்தின் மீதும் படுகின்றது. நூலில் திருத்திவிடலாம், நாவில் ஊறியதை எவ்வாறு திருத்துவது? ஒருவர் பழைய சொல்லையும் அடுத்தவர் புதிய சொல்லையும் கூறினால் சபை ஒரே குரலில் ஜெபிப்பது எங்ஙனம்? சாஸ்திரியார் எதிர்த்து எழுதினார். தமிழர் வழங்கிவரும் வேதமொழியைத் தமிழரைக் கேளாமல் மாற்றுவது தகாது என்பதே அவர் கட்சியின் சாரம். இதில் அவர் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் எண்ணம். பிற்காலத்தில் போவர் ஐயர் தலைமையில் அமைந்து 1871இல் வெளிவந்த ஐக்கியத் திருப்புதல், பெரும்பாலும் பபிரிசியுஸின் நடைக்கே திரும்பியது.

ஆனால் அவர் கட்சியில் வேறொன்றும் கலந்திருந்தது. தஞ்சைக் கோயிலில் வேளாளர் ஒருபுறமும் ஒடுக்கப்பட்ட மக்கள் மறுபுறமுமாகத் தனித்தனியே அமர்ந்தனர். இதனை நீக்கிச் சபையோர் அனைவரையும் ஒன்றாக்க இளம் போதகர்கள் முயன்றபோது, சாஸ்திரியார் அதனையும் அதே மூச்சில் எதிர்த்தார். பாட்டும் வாத்தியமும் மலரும் விலக்கப்படுவதைக் கண்டித்த அதே பேனா, சாதிப் பிரிவினைக்கும் அரண் கட்டியது. அவருடைய பாடல்களை நேசிக்கிற எனக்கு இதைச் சொல்ல வருத்தமே. எனினும் மறைத்துச் சொல்வது வரலாறாகாது.

அவர் காத்து நின்ற பழைய வழக்கத்தினால் யார் இழந்தார்கள் என்று கேட்டால், இராஜநாயக்கன் என்ற பெயர் முன்னே வருகின்றது. தஞ்சை நாட்டில் ஊழியத்தைத் தொடங்கி வளர்த்தவர்களில் அவர் ஒருவர், போர்வீரராயிருந்து உபதேசியாரானவர். 1741இல் இரண்டாவது தமிழ்ப் போதகரை நியமிக்கும் வேளையில் அவர் பெயரும் எண்ணப்பட்டது. பறையர் குலத்தவர் கையிலிருந்து மேற்குலத்தார் நற்கருணை பெறமாட்டார்கள் என்ற அச்சத்தால், அப்பதவி தியோகு என்பவருக்குச் சென்றது. சபையின் தலைமையைப் பற்றி வழக்காடியவர்கள் அந்த இழப்பை நினைத்ததாகத் தெரியவில்லை.

1826ஆம் ஆண்டு ஈஸ்டர் திருநாளன்று ஹீபர் அத்தியட்சர் தஞ்சையில் ஆராதனை நடத்தினார். சாதி வழக்கை நிதானமாக விசாரிக்க எண்ணினார். ஆயினும் ஏப்ரல் 3ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் நீராடும்போது உயிர்நீத்தார். பின்வந்த வில்சன் அத்தியட்சர் நிதானத்தை நாடவில்லை. சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டுமென 1833இல் ஆணை விடுத்தார். தஞ்சையில் பலர் சபையை விட்டு விலகினர். 1840க்குப் பின் வந்த லைப்சிக் லுத்தரன் மிஷனை நாடி, அவர்களிற் பலர் சென்றனர்.

மொழிபெயர்த்த இரேனியுஸும் தப்பவில்லை. உபதேசியார்களுக்குப் போதகர் பட்டம் அளிக்கும் அதிகாரம் அத்தியட்சருக்கு மட்டும் உரியதா என்ற வாதத்தில், 1835இல் அவரைத் தம் சங்கமே நீக்கியது. எவர் அதிகாரத்தின் கீழ்த் தஞ்சையில் அவருடைய நூல் புகுத்தப்பட்டதோ, அந்த அதிகாரத்தோடு அவரே மோதினார்!

சாஸ்திரியாரும் மிஷன் வேலையை இழந்தார். கைகொடுத்தவர் கிறிஸ்தவரல்லாத சரபோஜி மன்னர். 1853இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர், ஆராதனைக்கு உரிய கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். தஞ்சைப் போதகர்கள் வேண்டாமென்ற அக்கிழவரின் பாடல்கள் அத்தொகுப்பில் இடம்பெற்றன. அப்போது அவருக்கு வயது 79.