விருத்தாசலம் டூ சென்னை: தன்பாலீர்ப்பாளரின் முதல் பெருநகர ட்ரிப்... ரயில் ஏறும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

நல்லூரில் இருந்து பஸ் ஏறினால் விருத்தாசலம். அங்கே ஜங்ஷனில் வைகை எக்ஸ்பிரஸையோ பல்லவன் எக்ஸ்பிரஸையோ பிடித்தால் சுமார் மூன்று மணி நேரத்தில் சென்னை. தூரம் என்னவோ 210 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் பீங்கான் சூளையும் முந்திரித் தோப்புமாக, எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில் வளர்ந்த ஒரு இளைஞர், தனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்பதை யாரிடமும் சொல்லாமல் இருந்தால், அந்த மூன்று மணி நேரம் ரொம்பப் பெரிய பயணம்.

நாலு நாள் லீவு கிடைத்திருக்கிறது, சென்னையைப் பார்க்கணும், தன்னைப் போன்ற நாலு பேரைச் சந்திக்கணும் என்று கிளம்புபவருக்கு இரண்டு பயம் இருக்கும். ஒன்று, போலீஸ் பிடிச்சுடுமோ? இரண்டு, ஊருக்குத் தெரிஞ்சுடுமோ? முதல் பயத்துக்கு சட்டத்தில் பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு, கொஞ்சம் முன்னேற்பாடு வேண்டும்.

முதலில் சட்டம்: இது குற்றமா?

இல்லை. 2018 செப்டம்பர் 6ஆம் தேதி, உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, 18 வயது நிரம்பிய இருவர் விருப்பப்பட்டு வைத்துக்கொள்ளும் தன்பாலின உறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 377ஆவது பிரிவே கிடையாது. ஆகவே "377ல உள்ள தள்ளிடுவேன்" என்று யாராவது மிரட்டினால், அது வெறும் மிரட்டல்தான்.

அதே நேரம், தன்பாலினத் திருமணத்துக்கு இந்தியாவில் அங்கீகாரம் இல்லை. 2023 அக்டோபர் 17 தீர்ப்பில், அதை நாடாளுமன்றம்தான் முடிவு செய்யணும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தமிழ்நாட்டுக்கு என்று தனியாக ஒரு பாதுகாப்பும் உண்டு. மதுரையில் இருந்து சென்னைக்கு வந்து சேர்ந்த இரண்டு இளம்பெண்களை 'காணவில்லை' என்று அவர்களது பெற்றோர் புகார் கொடுத்தார்கள். போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது என்று கேட்டு அந்தப் பெண்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தைப் புரிந்துகொள்வதற்காகத் தானே உளவியல் ஆலோசகரிடம் அமர்ந்து பேசினார். 2021 ஜூன் 7ஆம் தேதி அவர் பிறப்பித்த உத்தரவில் போலீஸுக்குத் தெளிவான அறிவுறுத்தல் இருக்கிறது: காணவில்லை புகாரை விசாரிக்கும்போது, சம்பந்தப்பட்டவர்கள் வயது வந்தவர்கள், விருப்பப்பட்டுதான் இருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவிட வேண்டும். தொல்லை கொடுக்கக் கூடாது.

இதன் தொடர்ச்சியாக 2022இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதி சேர்க்கப்பட்டது. பால்புதுமையரையோ அவர்களுக்காக வேலை செய்பவர்களையோ போலீஸார் துன்புறுத்துவது விதிமீறல். இந்த விதி எண்ணை மனசுல வச்சுக்கிறது நல்லது.

எப்போது போய்ச் சேரணும்?

முதல் தடவை என்றால் பகலில் போய் இறங்குவதுதான் நல்லது. வைகை, பல்லவன் இரண்டும் பகல் நேர ரயில்கள். எழும்பூரில் இறங்கினால் மெட்ரோ, புறநகர் ரயில், பஸ் எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில். எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்புப் பணி நடப்பதால் சில ரயில்கள் தாம்பரத்தோடு நின்றுவிடுவது உண்டு. டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் என்று பார்த்துக்கொள்ளவும்.

வேப்பூர் போய் நெடுஞ்சாலையில் பஸ் பிடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தென் மாவட்ட அரசு பஸ்கள் கோயம்பேடு வரை போவதில்லை. கிளாம்பாக்கம் இருப்பது வண்டலூர் பக்கம். அங்கிருந்து நகரத்துக்குள் போக மாநகர பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். ராத்திரி 11 மணிக்கு அங்கே இறங்கி, ஆப்பில் பழகிய ஒருவர் பைக்கில் வந்து கூட்டிப் போவார் என்று நம்பி நிற்பது வேண்டாம்.

ரூம் எடுக்கும்போது கேள்வி கேட்பார்களா?

இரண்டு ஆண்கள் சேர்ந்து ரூம் எடுப்பது தமிழ்நாட்டில் தினமும் நடப்பது. இன்டர்வியூவுக்கு, ஆஸ்பத்திரிக்கு, கோர்ட்டு வேலைக்கு என்று வருபவர்கள் எல்லாம் அப்படித்தான் தங்குகிறார்கள். எழும்பூர் கென்னட் லேன் லாட்ஜிலோ திருவல்லிக்கேணி மேன்ஷனிலோ யாரும் ஏன் என்று கேட்பதில்லை. விளக்கம் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. இருவரும் ஒரிஜினல் அடையாள அட்டை காட்டினால் போதும்.

திருமணமாகாத இருவர் ஒரே அறையில் தங்குவது குற்றமல்ல என்று 2019 டிசம்பரில் கோவை விடுதி ஒன்றின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கு ஆண்-பெண் ஜோடிகளைப் பற்றியது என்றாலும், வயது வந்த இருவர் சேர்ந்து தங்குவதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை என்பதுதான் அதன் சாரம்.

சில டிப்ஸ்:

• ஆதார் நகல் கேட்டால், முதல் 8 எண்கள் மறைக்கப்பட்ட 'மாஸ்க்டு ஆதார்' கொடுக்கலாம். ஆதார் இணையதளத்திலேயே டவுன்லோட் செய்யலாம்.

• வேறு ஒருவரை ரூமுக்குக் கூட்டி வருவதாக இருந்தால், விடுதியில் அனுமதி உண்டா என்று முன்பே கேளுங்கள். பல லாட்ஜ்களில் விசிட்டருக்கு அனுமதி இல்லை. ராத்திரி ரிசப்ஷனில் வாக்குவாதம் வந்தால்தான் நாலு பேர் கூடுவார்கள்.

• சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் செலவு மிச்சம்தான். ஆனால் எங்கே போறே, யாரைப் பார்க்கறே என்று ஒவ்வொரு நாளும் பதில் சொல்லணும். முதல் ட்ரிப்புக்கு லாட்ஜே நிம்மதி.

எங்கே போகலாம்?

இதற்கென்றே போர்டு மாட்டிய பார், கிளப் என்று சென்னையில் தேடிப் போனால் ஏமாற்றம்தான் கிடைக்கும். பல கிளப்களில் தனியாக வரும் ஆண்களை உள்ளே விடுவதும் இல்லை. தமிழ்நாட்டில் மது அருந்த 21 வயது நிரம்பியிருக்கணும் என்பதும் நினைவிருக்கட்டும்.

அதற்குப் பதிலாக அமைப்புகளும் நிகழ்ச்சிகளும் இருக்கின்றன. 'ஓரினம்', 'நிறங்கள்', 1998 முதல் இயங்கும் 'சகோதரன்' ஆகியவை சென்னையில் வெளிப்படையாகச் செயல்படுபவை. சந்திப்பு, திரையிடல், ஆலோசனை பற்றிய அறிவிப்புகளை அவர்களது சமூக வலைதளப் பக்கங்களில் பார்க்கலாம். யாரையும் தெரியாத ஊரில் முதல் ஆளைச் சந்திக்க, ஆப்பை விட இப்படி ஒரு பொது நிகழ்ச்சி எவ்வளவோ பாதுகாப்பு. பத்துப் பேர் இருக்கும் இடத்தில் ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டுக்கூட வந்துவிடலாம்.

லீவு ஜூனில் என்றால் வானவில் பேரணி இருக்கிறது. 2009இல் மெரினாவில் தொடங்கிய இந்தப் பேரணி, வழக்கமாக ஜூன் கடைசி ஞாயிறு நடக்கும். ஒன்று மட்டும் கவனம். அங்கே டிவி கேமராக்களும் பத்திரிகை போட்டோகிராபர்களும் கட்டாயம் இருப்பார்கள். மறுநாள் பேப்பரில் படம் வந்தால் விருத்தாசலம் டீக்கடையிலும் அது கிடக்கும். வீட்டில் சொல்லாதவர்கள் முகக்கவசம் அணிந்து நடப்பது அங்கே சகஜம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மற்றபடி சென்னை எல்லோருக்குமான சென்னைதான். எழும்பூர் அருங்காட்சியகம் (வெள்ளிக்கிழமை விடுமுறை), கதீட்ரல் சாலை செம்மொழிப் பூங்கா, பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச் என்று சுற்றலாம். நண்பர்கள் தோளில் கை போட்டு நடப்பதை நம்ம ஊரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதைத் தாண்டிய நெருக்கத்தை பீச்சில் காட்டினால், பொது இடத்தில் ஆபாசம் என்ற பிரிவைச் சொல்லி மிரட்ட வாய்ப்பு உண்டு. இது ஆண்-பெண் ஜோடிகளும் சந்திக்கும் பிரச்னைதான். நள்ளிரவுக்கு மேல் கடற்கரையின் இருட்டுப் பக்கங்களைத் தவிர்ப்பது எல்லோருக்குமே நல்லது.

ஆப்பில் பழகியவரைச் சந்திக்கும் முன்...

உண்மையான ஆபத்து பெரும்பாலும் இங்கேதான். கிரைண்டர் போன்ற டேட்டிங் ஆப்களில் பழகி, தனி இடத்துக்கு வரவழைத்து, நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டு, வீடியோ எடுத்து, ஜிபே-யில் பணம் பறிக்கும் கும்பல்கள் தமிழ்நாட்டிலும் பிடிபட்டிருக்கின்றன. வெளியே சொல்ல மாட்டார்கள் என்ற தைரியம்தான் இந்தக் கும்பல்களின் முதலீடு.

• சந்திக்கும் முன் ஒரு வீடியோ கால். முகத்தைக் காட்ட மறுப்பவரைச் சந்திக்க வேண்டாம்.

• முதல் சந்திப்பு கூட்டமுள்ள காபி ஷாப், மால், மெட்ரோ ஸ்டேஷன் வாசல் போன்ற இடத்தில். கடைசி நிமிடத்தில் இடத்தை மாற்றினால் திரும்பி வந்துவிடுங்கள்.

• நம்பிக்கையான ஒருவரிடமாவது, எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டு, லைவ் லொகேஷன் அனுப்புங்கள்.

• யூபிஐ-யில் பணம் அனுப்பினால் வங்கிக் கணக்கில் உள்ள முழுப் பெயர் எதிராளிக்குத் தெரியும். ஆப்பில் புனைபெயர் வைத்துவிட்டு, டீ காசை ஜிபே பண்ணினால் எல்லாம் வெளியே வந்துவிடும். சில்லறை நோட்டு கையில் இருக்கட்டும்.

• ஊர், வேலை பார்க்கும் கம்பெனி, படிக்கும் கல்லூரி பெயரை முதல் நாளே சொல்ல வேண்டாம். முகம் தெரியும் அந்தரங்கப் படங்களை அனுப்பவே வேண்டாம்.

• எந்தக் காரணத்துக்காகவும் 18 வயது நிரம்பாதவருடன் உறவு கூடாது. அது போக்சோ குற்றம். சம்மதம் இருந்தது என்று சொல்லித் தப்ப முடியாது.

மிரட்டினால் என்ன பண்ணணும்?

பணம் கொடுக்காதீர்கள். ஒரு தடவை கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். பயத்தில் சாட்டை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. ஸ்கிரீன்ஷாட், போன் நம்பர், பணம் போன யூபிஐ ஐடி எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு பிளாக் செய்யுங்கள்.

பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் கிரைம் எண். சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம். உயிருக்கு ஆபத்து என்றால் 112.

பணம் கேட்டு மிரட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆவது பிரிவில் குற்றம். அனுமதி இல்லாமல் ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைப் படம் எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவில் வரும். இன்னொரு முக்கியமான விஷயம், சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். இதுதான் 'ஜீரோ எஃப்ஐஆர்'. ஆகவே சொந்த ஊர் ஸ்டேஷனில், தெரிந்த ஏட்டு முன்னால் போய் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. சென்னையிலேயே கொடுக்கலாம்.

ஒரு ஓட்டையும் இருக்கிறது. 377 முழுசாகப் போனதால், வயது வந்த ஆண் மீது நடக்கும் பாலியல் வன்முறைக்கு என்று புதிய சட்டத்தில் தனிப் பிரிவு இல்லை. ஆனாலும் காயப்படுத்துதல், அடைத்து வைத்தல், வழிப்பறி போன்ற பிரிவுகளில் வழக்குப் போட முடியும். எனவே சட்டத்தில் இடமில்லை என்று திருப்பி அனுப்பினால் ஒப்புக்கொள்ள வேண்டாம். சட்ட ஆலோசனைக்கு 15100.

வீட்டில் புகார் கொடுத்துவிட்டால்?

இரண்டு நாள் போனை எடுக்கவில்லை என்றாலே அம்மா, அப்பா பதறிப்போய் ஸ்டேஷனுக்குப் போய்விடலாம். அதனால் தினமும் ஒரு போன் போட்டுவிடுவது நல்லது. அதையும் மீறிப் போலீஸ் அழைத்தால் ஓட வேண்டாம். வயது வந்தவன், சொந்த விருப்பத்தில் வந்திருக்கிறேன் என்று வாக்குமூலம் கொடுத்தால் போதும்.

2025 மே 22இல், குடும்பத்தாரால் அடைத்து வைக்கப்பட்ட 25 வயதுப் பெண்ணை விடுவித்த சென்னை உயர் நீதிமன்றம், அவர் விரும்பியவருடன் போகலாம் என்றது. குடும்பம் என்பது திருமணத்தால் மட்டும் உருவாவதில்லை என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

'மாத்திடலாம்' என்று யாராவது சிகிச்சைக்குக் கூப்பிட்டால், அதற்கும் தடை உண்டு. பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சையை மருத்துவர் செய்வது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்திருக்கிறது.

உடல்நலமும் முக்கியம்

ஆணுறையும் லூப்ரிகன்ட்டும் பையில் இருக்கட்டும். பாதுகாப்பு இல்லாமல் உறவு நடந்துவிட்டால், 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போய், எச்ஐவி தொற்றைத் தடுக்கும் 'பெப்' மாத்திரை பற்றிக் கேட்கணும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

அரசு மருத்துவமனைகளில் உள்ள 'நம்பிக்கை மைய'ங்களில் எச்ஐவி பரிசோதனை இலவசம். முடிவை வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டின் எச்ஐவி சட்டம். ஊரில் போனால் தெரிந்தவர் பார்ப்பாரே என்று தள்ளிப் போடுபவர்களுக்கு, சென்னை ட்ரிப் ஒரு நல்ல வாய்ப்பு.

ஊர் திரும்பும் முன்...

போன் கேலரி தானாகவே குடும்ப டேப்லெட்டிலோ டிவியிலோ தெரிகிறதா என்று பாருங்கள். வீட்டில் ஒரே கூகுள் கணக்கை நாலு பேர் பயன்படுத்தினால், படங்கள் எல்லா போனுக்கும் போய்விடும். ஆப்பை லாக் போட்டு வையுங்கள். புது நண்பர்கள் இன்ஸ்டாகிராமில் டேக் செய்யும் முன் கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நாலு நாள் மனசுவிட்டுப் பேசிச் சிரித்துவிட்டு, மறுபடி ஒரு வார்த்தை பேச முடியாத வீட்டுக்குத் திரும்பும்போது, மனசு கனத்துப்போவது பலருக்கும் நடக்கும். சென்னையில் சந்தித்தவர்களில் ஒருவரின் நம்பராவது கையில் இருந்தால், ரயில் விருத்தாசலத்தில் நின்ற பிறகும் பேச ஒரு ஆள் இருக்கும். ரொம்ப பாரமாக இருந்தால், 'சினேகா' தற்கொலைத் தடுப்பு மையத்துக்கு போன் செய்யலாம்.

போனில் சேவ் செய்ய வேண்டிய எண்கள்

• அவசர உதவி: 112
• சைபர் கிரைம்: 1930
• சட்ட உதவி: 15100
• எச்ஐவி தகவல், ஆலோசனை: 1097
• தமிழ்நாடு அரசு மருத்துவ, மனநல ஆலோசனை: 104
• சினேகா: 044-24640050