தொலைந்த பொதியும் திரும்பும் பணமும்
(அஞ்சல்வழி வணிகத்தின் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு)

முகமறியாத ஒருவரிடம் பணம் செலுத்திப் பொருள் வாங்குவதும், முகமறியாத ஒருவரை நம்பிப் பொருளை அனுப்பி வைப்பதும் இன்று அன்றாட நிகழ்ச்சிகளாகிவிட்டன. நம் இல்லங்களிலும் இளையோர் பலர் சேலையோ, நூலோ, கைவினைப் பொருளோ இணையத்தின்வழி விற்கத் தலைப்பட்டுள்ளனர். அனுப்பிய பொதி வழியில் தொலைந்துபோனால் அவ்விழப்பு யாரைச் சாரும்? விற்றவரையா, வாங்கியவரையா, சுமந்து சென்றவரையா? இவ்வினா இணையத்தோடு பிறந்ததன்று. நம் முன்னோரும் இதனை எதிர்கொண்டு, காலந்தோறும் வெவ்வேறு விடை கண்டுள்ளனர். அவ்விடைகளின் வரலாற்றை அறிவது, இன்று விற்போர்க்கும் வாங்குவோர்க்கும் ஒருசேரப் பயன்தரும்.

பாதி நோட்டுக் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொலைவிலுள்ள வணிகருக்குப் பணம் அனுப்புவதே பெரும் இடர்ப்பாடு. அக்காலத்தார் ஒரு வழி கண்டனர். பணத்தாளை இரண்டாக வெட்டி ஒரு பாதியை அஞ்சலில் அனுப்புவர். அது வந்து சேர்ந்தது என்னும் செய்தி கிடைத்த பின்னரே மறுபாதியை அனுப்புவர். இடைவழியில் திருடியவனுக்குக் கிடைப்பது பயனற்ற அரைத்தாளே. 'பெற்றேன்' என்னும் ஒப்புகை வரும்வரை முழுப்பொருளையும் கைவிடாதிருத்தல் என்னும் இந்நெறியே பின்னர் வந்த எல்லா ஏற்பாடுகளுக்கும் அடிப்படை எனலாம்.

அரசு சுமந்தது, பொறுப்பேற்கவில்லை

1854ஆம் ஆண்டில் இந்தியா முழுமைக்கும் ஒரே சீரான அஞ்சல் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. அரையணாத் தலையொட்டிக் கடிதம் அனுப்ப ஏழையாலும் இயன்றது. ஆனால் தொலைந்த பொருளுக்கு அரசு விடை சொல்லுமா? 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சல் சட்டம் ஆறாம் பிரிவில் இதனைத் தெளிவாக்கியது. தொலைதல், தவறான இடத்தில் ஒப்படைத்தல், காலந்தாழ்த்தல், சேதமுறல் ஆகியவற்றுக்கு, தானே வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட அளவைத் தவிர, அரசு பொறுப்பாகாது என்றது அப்பிரிவு. பொறுப்பு வேண்டுவோர் தனிக்கட்டணம் செலுத்திக் காப்பீடு செய்துகொள்ளலாம். அச்சட்டத்தின் இடத்தில் 2023ஆம் ஆண்டின் புதிய அஞ்சல் சட்டம் 2024 சூன் 18 முதல் நடைமுறைக்கு வந்த பின்னரும், இந்நிலையில் பெரிய மாற்றமில்லை. விலையுயர்ந்த பொருளைக் காப்பீடின்றி அனுப்பியவர், அது தொலைந்தபின் அதன் முழு மதிப்பையும் அஞ்சல் துறையிடம் எதிர்பார்த்தல் இயலாது.

வி.பி.பி. என்னும் புதுவழி

1877ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை, மதிப்புச் செலுத்திப் பெறும் அஞ்சல் முறையைத் தொடங்கியது. 'வி.பி.பி.' என்று நம் பாட்டன்மார் வழங்கியது இதனையே. பொருளைக் கொண்டுவரும் அஞ்சற்காரரிடம் விலையைக் கொடுத்துப் பெற்றுக்கொள்ள வேண்டும்; அப்பணம் விற்றவரைச் சென்றடையும். 1880இல் பணவிடை முறையும் அஞ்சலகங்களுக்கு வரவே, சிற்றூரில் இருப்போரும் சென்னைக் கடையில் பொருள் வாங்க இயன்றது. நூல்கள், மருந்துகள், கடிகாரங்கள் என நாட்டின் மூலை முடுக்கெல்லாம் வி.பி.பி. சென்றது. 1928இல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ். எஸ். வாசன் அவர்களும் அதற்கு முன்னர் அஞ்சல்வழி வணிகம் செய்தவரே.

ஆயினும் புதுவழி புதுச் சிக்கலையும் கொணர்ந்தது. ஆர்வத்தில் எழுதிக் கேட்டுவிட்டுப் பொதி வந்ததும் 'வேண்டா' எனத் திருப்புவோரால் விற்றவர் போக்குவரத்துச் செலவை இழந்தார். கேளாத பொருளை அனுப்பிப் பணம் பறிக்க முற்பட்ட வணிகரும் இருந்தனர். பணம் கொடுத்த பின்னரே பொதியைப் பிரிக்கலாம் என்பதால், உள்ளே குப்பை இருப்பின் வாங்கியவர் ஏமாந்தார். எனவே, உண்மையான வேண்டுகோளின்பேரிலேயே அனுப்புகிறேன் என்று அனுப்புவோரிடம் உறுதிமொழி பெறவும், வஞ்சனை நேர்ந்தவிடத்து வாங்கிய பணத்தை விற்றவருக்குக் கொடாது நிறுத்திவைத்துப் பெறுநருக்கே திருப்பித் தரவும் விதிகள் செய்ய 1898ஆம் ஆண்டுச் சட்டமே இடமளித்தது. இன்று இணையத் தளங்கள் தம் புத்தாக்கம் எனப் பறைசாற்றும் பணம் திருப்பும் ஏற்பாட்டின் வித்து, ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே நம் நாட்டுச் சட்டத்தில் இருந்தது என்பது எண்ணத்தக்கது.

சட்டத்தின் பழைய நிலைப்பாடு

1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் வேறொரு கோணத்தில் நின்றது. விற்றவர் பொருளைச் சுமப்பவரிடம் ஒப்படைத்தாலே, மாறான உடன்பாடு இல்லாதவிடத்து, அது வாங்கியவரிடம் ஒப்படைத்ததாகவே கொள்ளப்படும். உடைமை யாருக்கோ இழப்பும் அவருக்கே என்பது அதன் பொதுநெறி. வணிகர் வணிகரோடு மூட்டை மூட்டையாக வாணிகம் செய்த காலத்துக்கு இது பொருந்தியது. ஒரே ஒரு சேலை வாங்கும் இல்லத்தரசிக்கு இது பொருந்துமா? இவ்வினாவே பின்னாளில் நுகர்வோர் சட்டங்களுக்கு வழிகோலியது. அமெரிக்காவில் 1872இல் அஞ்சல்வழி வணிகம் தொடங்கிய மாண்ட்கோமரி வார்டு, மனநிறைவு இல்லையேல் பணம் திரும்பத் தரப்படும் என்று 1875இல் அறிவித்து, அந்நம்பிக்கையின் மேலேயே தன் வணிகத்தை வளர்த்தது.

இணையக் காலம்

1995இல் அமெரிக்காவில் தோன்றிய ஈபே, விற்பவரும் வாங்குபவரும் ஒருவர்மேல் ஒருவர் கருத்துரைக்கும் முறையை அடுத்த ஆண்டே கொணர்ந்தது. 2004இல் அது இந்தியாவின் பாசி நிறுவனத்தை வாங்கியது. வாங்குபவரின் பணத்தை இடையில் நிறுத்திவைத்துப் பின்னரே விற்றவருக்கு வழங்கும் 'பைசாபே' முறை இங்கு அறிமுகமானது. இது பாதி நோட்டின் புதுவடிவமே. 2007இல் புத்தகம் விற்கத் தொடங்கிய பிளிப்கார்ட், 2010இல் பொருளைக் கையில் பெற்றுப் பணம் தரும் முறையை ஏற்றது. அது வி.பி.பி.யின் மறுபிறவி, அதன் நன்மை, தீமை இரண்டும் உடன்வந்தன.

'பொருள் வரவில்லை' என்று வாங்கியவர் எழுதினால், தேர்ந்த விற்பனையாளர் செய்வது யாது? முதற்கண் பொதியின் தட எண்ணைப் பார்க்கிறார். 'ஒப்படைக்கப்பட்டது' என்றிருப்பின், அண்டை வீட்டாரோ காவலரோ பெற்றனரா எனக் கேட்கிறார். நடுவழியில் நின்றிருப்பின், சுமந்தவரிடம் முறையிட்டுவிட்டு, வாங்கியவருக்கு ஒரு நாள் குறித்து, அதற்குள் வராவிடின் மாற்றுப்பொருளோ பணமோ தருவதாக எழுத்தில் உறுதியளிக்கிறார். இழப்பீட்டுக்காகச் சுமந்தவரோடு வழக்காடுவது தம் வேலை. அது முடியும்வரை வாங்கியவரைக் காக்கவைத்தல் முறையன்று என்பதை அவர் அறிவார். விலையுயர்ந்த பொருளாயின் கைப்பேசிக்கு வரும் கடவெண்ணைக் கேட்டுப் பெற்றே ஒப்படைக்கவும், பொதியைத் திறந்துகாட்டித் தரவும் ஏற்பாடு செய்கின்றனர். பொதி கட்டும்போதே நிழற்படமும் எடையும் குறித்து வைத்தல் பின்னாளைய வழக்கைத் தவிர்க்கும்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், 2020 சூலையில் வந்த இணைய வணிக விதிகளும் வாங்குவோர் கையை வலுப்படுத்தியுள்ளன. குறையுள்ள பொருளையோ, விளம்பரத்துக்கு மாறான பொருளையோ, குறித்த நாள் கடந்து வந்த பொருளையோ திரும்பப் பெற விற்பவர் மறுத்தல் கூடாது. தம் ஆற்றலுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் நேர்ந்த தாமதம் மட்டுமே விலக்கு. முறையீடு கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும், ஒரு திங்களுக்குள் தீர்வும் தருதல் வேண்டும். வாங்கியவர் தாம் வாழும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்கிடலாம். 1915 என்னும் தொலைபேசி எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அணுகலாம்.

அறக்கணக்கு

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்று. பொதிகள் தொலையாத காலம் என்றும் இருந்ததில்லை, இனியும் இராது. தொலையாமையால் வளர்ந்ததன்று வணிகம். தொலைந்தால் இழப்பு யாருக்கு என்பது முன்கூட்டியே தெளிவாயிருந்தமையால் வளர்ந்தது. முதலில் வாங்கியவர் சுமந்த இழப்பு மெல்ல மெல்ல விற்பவர் தோளுக்கு மாறியுள்ளது. பெருநிறுவனம் அதனைத் தாங்கும். வீட்டில் அமர்ந்து பத்துச் சேலை விற்கும் பெண்ணுக்கோ ஒரு பொதியின் இழப்பே ஒரு திங்கள் ஊதியத்தை விழுங்கிவிடும். ஆகவே, பெற்ற பொருளைப் 'பெறவில்லை' என்று எழுதுவதும், உடுத்திய ஆடையைக் குறையுடையது எனத் திருப்புவதும் சிறு தந்திரங்கள் அல்ல. முகமறியாத ஓர் எளியவரின் கைப்பொருளைக் கவர்தலே ஆகும். அவ்வாறே, தட எண்ணைக் காட்டி 'என் கடமை முடிந்தது' என்று கைகழுவும் விற்பனையாளரும் தம் வணிகத்தின் வேரையே வெட்டுகிறார். சட்டம் சான்றைக் கேட்கும். சான்று இல்லாத இடத்தில் விற்பவரும் வாங்குபவரும் தத்தம் மனச்சான்றுக்கே விடை சொல்ல வேண்டும்.