பிடிபட்டவனின் உயிர்

கொழும்பு–கண்டி வீதியில் பயணம் செய்வோர் மாவனல்லைக்கு அருகில் அண்ணாந்து பார்க்கும் பாறைமலைதான் உத்துவன்கந்த. நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னர் அது சரதியல் என்ற கொள்ளைக்காரனின் மறைவிடமாக இருந்தது. பணக்காரரிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தவன் என்று சிங்களக் கிராமங்களிலும் நமது ஊர்களிலும் அவனது கதை இன்றும் சொல்லப்படுகிறது. அவனை இங்கிலாந்தின் ரொபின்ஹூட்டோடு ஒப்பிடுவதும் வழக்கமாகிவிட்டது. அவன் பெயரால் ஒரு மாதிரிக் கிராமம் அமைத்து உல்லாசப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள்.

இந்தக் கதையில் முஸ்லிம்கள் இருவர் இருக்கிறார்கள் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. ஒருவன் சரதியலின் உயிர்த்தோழனான மம்மலே மரிக்கார். மற்றவர் மலாய் இனத்தவரான கொன்ஸ்டபிள் துவான் சபான். ஒருவன் சட்டத்துக்கு எதிர்ப்புறம் நின்றான். மற்றவர் சட்டத்தின் பக்கம் நின்றார். இருவரும் அதே 1864ஆம் ஆண்டிலேயே மாண்டனர்.

அந்தக் காலத்தைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். கண்டிக்கு ரயில் வந்தது 1867இல்தான். அதற்கு முன்னர் மலைநாட்டுக் கோப்பி முழுவதும் மாட்டு வண்டிகளில் கடுகண்ணாவைக் கணவாய் வழியாகவே கொழும்புக்கு இறங்கியது. அரிசியும் துணியும் பணமும் அதே பாதையில் மேலே ஏறின. ஆகவே அந்த வீதியைக் கண்காணிக்க வசதியான ஒரு மலை கொள்ளையருக்கு எவ்வளவு வாய்ப்பாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வண்டிக்காரனும் வழிப்போக்கனும் அஞ்சி அஞ்சியே அந்த இடத்தைக் கடந்தனர். ஏழைக்குக் கொடுத்தான் என்ற கதையைச் சொல்லும்போது, அந்த வண்டிக்காரர்களும் ஏழைகள்தாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

1864 மார்ச் 21ஆம் திகதி மாவனல்லையில் ஒரு வீட்டில் சரதியலும் மரிக்காரும் சுற்றிவளைக்கப்பட்டனர். உள்ளிருந்து சுட்டார்கள். மரிக்காரின் சூட்டில் சபான் வீழ்ந்தார். இலங்கையில் கடமையின்போது உயிர்நீத்த முதல் பொலிஸ்காரர் அவரே. இன்றும் பொலிஸ் திணைக்களம் மார்ச் 21ஐ வீரர் தினமாக நினைவுகூருகிறது. கேகாலையின் உதவி அரசாங்க அதிபராக இருந்த சோண்டர்ஸ் படையினருடன் வந்து சேர்ந்தபின் இருவரும் உயிரோடு பிடிக்கப்பட்டனர். கண்டியில் வழக்கு நடந்தது. மே மாதம் 7ஆம் திகதி இருவரும் அங்கேயே தூக்கிலிடப்பட்டனர். பிடிபட்ட நாளிலிருந்து தூக்குமேடை வரை நாற்பத்தேழு நாட்கள்.

நான் கற்பிப்பது இம்மாவட்டத்தின் றப்பர் தோட்டமொன்றை ஒட்டிய பாடசாலை. ஆங்கில வீரசாகசப் படங்களைத் தொலைபேசியில் பார்க்கும் மாணவர்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. “சேர், வில்லன் சாகப்போகிறான். ஹீரோ கை கொடுக்க வேணுமா, விட்டுவிட வேணுமா?” 2005இல் வெளிவந்த பேட்மன் படத்தில் இதற்கு ஒரு விடை வருகிறது. நாயகன் வில்லனைத் தன் கையால் கொல்வதில்லை. ஆனால் விபத்துக்குள்ளாகப் போகும் ரயிலில் அவனை விட்டுவிட்டுத் தான் மட்டும் தப்பிக்கொள்கிறான். கொலைப்பழி தன்மேல் விழாது என்பது அவன் கணக்கு. பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு பிடித்திருக்கிறது. ஆபத்தானவன் ஒழிந்தான், நல்லவன் கையும் சுத்தம்.

எனக்கு இந்தக் கணக்கில் ஒரு பிழை தெரிகிறது. ‘ஆபத்தானவன்’ என்பது ஒருவனுடைய நிரந்தரப் பெயரல்ல. அது அவன் நிற்கும் நிலையைக் குறிப்பது. துப்பாக்கியோடு வீட்டுக்குள் இருந்த மரிக்கார் ஆபத்தானவன். சபான் அன்று முந்திக்கொண்டு சுட்டிருந்தால் எவரும் குறை கூற முடியாது. துப்பாக்கி கைமாறி விலங்கு பூட்டப்பட்டபின் அதே மரிக்கார் வேறொருவன். அவனது உயிர் இப்போது பிடித்தவர்களின் பொறுப்பு. தற்காப்பு முடிகிற இடத்தில் இந்தப் பொறுப்பு தொடங்குகிறது.

தங்கள் தோழர் ஒருவரை அப்போதுதான் இழந்திருந்தவர்களின் கையில் அன்று இருவர் அகப்பட்டனர். அந்த வீட்டின் முன்னாலேயே கதையை முடித்துவிடும் ஆத்திரம் எழக்கூடிய நேரம் அது. அவ்வாறு நடக்காமல் வழக்கு நடந்தபடியால்தான் குற்றச்சாட்டும் சாட்சியும் தீர்ப்பும் எழுத்தில் பதிந்தன. சபானின் சாவுக்கு ஒரு விசாரணை கிடைத்தது. தண்டனையைப் பற்றி நமக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும், விசாரணை நடந்தது என்பது சிறிய விடயமல்ல.

இதற்கு மறுபக்கத்தை நமது காலத்திலேயே பார்த்தோம். பாதாள உலகத் தலைவன் என்று அறியப்பட்ட மாகந்துரே மதூஷ் 2019இல் டுபாயில் கைதாகி நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டான். 2020 ஒக்டோபரில், பொலிஸ் காவலில் இருந்தபோதே, மாளிகாவத்தையில் இறந்தான். போதைப்பொருளைக் காட்ட அழைத்துச் சென்ற இடத்தில் இடம்பெற்ற துப்பாக்கிச் சமரில் அவன் அகப்பட்டதாகப் பொலிஸார் கூறினர். அவன் நல்லவனென்று வாதாட எவருமில்லை. ஆனால் அவனோடு யார் யார் கூட்டுச் சேர்ந்தனர், யார் பாதுகாத்தனர் என்று நீதிமன்றத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அவனோடு புதைந்தன. வில்லனைச் சாகவிடும்போது அவனுக்குப் பின்னால் நின்றவர்களும் தப்பிவிடுகிறார்கள்.

‘தப்பி ஓடினால் இன்னும் எத்தனை பேர் சாவார்கள்?’ என்று கேட்கலாம். நியாயமான அச்சம்தான். ஆனால் அந்த அச்சம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மருசிராவின் கதை சான்று. சிறையிலிருந்து தப்புவதில் பேர்போனவன் அவன். மீண்டும் தப்பிவிடுவான் என்று பயந்து, 1975 ஓகஸ்டில் கண்டி போகம்பறைச் சிறையில் தூக்கிலிடுவதற்கு முன் அவனுக்கு அளவுக்கு மிஞ்சி மயக்கமருந்து கொடுத்தனர். நினைவற்றுக் கிடந்தவனைத் தூக்குப் படுக்கையில் கொண்டுவந்து தூக்கிலிட்டனர். எழுந்து நிற்கவும் இயலாத ஒருவன் யாருக்கு என்ன ஆபத்து? அடுத்த ஆண்டு, 1976இல், இந்நாட்டில் இறுதியாகத் தூக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

இந்த நாட்டிலேயே வேறொரு குரலும் ஒலித்திருக்கிறது. 1959 செப்டம்பரில் சுடப்பட்ட பிரதமர் பண்டாரநாயக்க, மரணப்படுக்கையில் விடுத்த செய்தியில், தன்னைச் சுட்டவனிடம் இரக்கம் காட்டுமாறும் பழிவாங்க வேண்டாமென்றும் கேட்டுக்கொண்டார். மரண தண்டனையை 1958இல் சட்டத்தினால் இடைநிறுத்தியதும் அவரது அரசாங்கமே. அவர் இறந்தபின் அதே தண்டனை மீண்டும் கொண்டுவரப்பட்டது. சோமாராம தேரர் 1962இல் தூக்கிலிடப்பட்டார். உயிரை இழந்துகொண்டிருந்த மனிதர் கேட்டதை, உயிரோடிருந்த அரசு கொடுக்கவில்லை.

பண்டாரநாயக்க கேட்டது விடுதலையை அல்ல, விசாரணையின்மையையும் அல்ல. கொலைகாரனைக் காப்பாற்றுவது என்றால் அவனை அவிழ்த்துவிடுவது என்று நினைப்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள். மலையுச்சியில் தொங்கும் வில்லனுக்குக் கை கொடுக்கும் நாயகன் அவனை மன்னித்துவிடவில்லை. ‘உன்னைப் பற்றிய தீர்ப்பை நான் தனியாக எழுத மாட்டேன்’ என்றுதான் சொல்கிறான். தான் நீதிபதியல்ல என்று ஒத்துக்கொள்ளும் அந்தப் பணிவுதான் அவனை வில்லனிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது.

உத்துவன்கந்த வரலாற்றில் சரதியலுக்கு மலையும் மாதிரிக் கிராமமும் கிடைத்தன. மரிக்காருக்குக் கதையில் இரண்டாம் இடம் கிடைத்தது. சபானைப் பொலிஸார் ஆண்டில் ஒரு நாள் நினைக்கிறார்கள். நமது பிள்ளைகள் வீரன் யாரென்று கேட்கும்போது நாம் முதலில் சொல்ல வேண்டிய பெயர் சபானுடையது. அதற்கு அடுத்தபடியாக, அவரது தோழர்களையும் சொல்ல வேண்டும். அவர் வீழ்ந்த பின்னரும், சுட்டவனை உயிரோடு கண்டிக்கு அனுப்பிவைத்தவர்கள் அவர்கள்.